தோல் ஊரில் பிறந்த தோல் இல்லாத செருப்பு!

நம்ம ஊர் தயாரிப்பு - வாராந்திரத் தொடர்

ஆம்பூர் என்றதும் முதலில் பிரியாணி ஞாபகம் வரும். அடுத்தது ஷூ. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டிய இந்த வட்டாரத்தில், உள்ளூர்க்காரர்கள் 'தோல் ஷாப்' என்று சொல்லும் பதனிடும் தொழிற்சாலையோ, ஷூ கம்பெனியோ இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஐரோப்பாவின் கண்ணாடிக் கடைகளில் பளபளக்கும் ஷூக்களில் பலவும் இங்கிருந்து கப்பல் ஏறியவைதான்.

இதே வட்டாரத்தில் இன்னொரு காலணியும் உருவானது. அதன் அடிப்பாகத்தில் தோல் கிடையாது. பளபளப்பு கிடையாது. பிராண்ட் பெயரும் கிடையாது. கடையில் பார்த்தால் "இதென்ன, சாதாரணச் செருப்பு மாதிரி இருக்கே" என்று கடந்து போய்விடுவோம். ஆனால், எத்தனையோ பேரின் கால்களை வெட்டி எடுக்காமல் காப்பாற்றியது அந்தச் செருப்புதான். சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்ற பெயர் நன்றாகத் தெரிந்திருக்கும்.

அந்தச் செருப்பின் கதை, வேலூரை அடுத்த காட்பாடிக்கு அருகே இருக்கும் கரிகிரியில் தொடங்குகிறது. 1955-ல் அங்கே தொடங்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை, 2025-ல் 70 ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. மருத்துவமனையின் வரலாற்றைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது, அங்கே உருவான ஒரு மெத்தென்ற ரப்பர் ஷீட்டின் கதையை.

கொல்லிமலையில் பிறந்த கட்டடத் தொழிலாளி

கதையின் நாயகர் டாக்டர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர்தான். ஆனால், பிறந்தது நம் நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையில், 1914-ல். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின் இருவரும் மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்ட பிராண்ட், நேராக மருத்துவம் படிக்கப் போகவில்லை. முதலில் சில ஆண்டுகள் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொண்டார். மரத்தை இழைப்பது, கல்லை அடுக்குவது, எந்த இடத்தில் எவ்வளவு பாரம் இறங்கும் என்று கணக்குப் போடுவது என அன்று கை பழகிய எல்லாமே பின்னாளில் வேலூரில் உதவிக்கு வந்தன.

மருத்துவம் முடித்து அறுவை சிகிச்சை நிபுணரானவர், 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்தார். அங்கே முதல்வராக இருந்தவர் தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற டாக்டர் ராபர்ட் காக்ரேன். அவர் பிராண்டைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மடங்கிப்போன விரல்கள், தேய்ந்த கைகள், கட்டுப்போட்ட கால்கள். பார்த்த பிராண்டுக்கு ஒரு கேள்வி எழுந்தது. 'விரல்கள் ஏன் இப்படி மடங்குகின்றன? எலும்பு மருத்துவர்கள் யாராவது இதை ஆராய்ந்திருக்கிறார்களா?' யாரும் பெரிதாக எட்டிப் பார்க்காத துறை அது.

தொழுநோயாளியைத் தொடவே பயந்த காலம். மருத்துவமனைகள்கூடச் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. பிராண்டும் அவரது குழுவினரும், நல்ல நிலையில் இருக்கும் தசைநாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சையைச் செய்தார்கள். மடங்கிய கைகள் திறந்தன. அந்தக் கைகளுக்குத் தொழில் கற்றுத்தர, வேலூரில் 'நவஜீவ நிலையம்' என்ற சிறு குடியிருப்பும் உருவானது. அங்கே தச்சு வேலை சொல்லிக்கொடுத்தவரே பிராண்ட்தான்.

எலி கடித்தும் தெரியவில்லை

அந்தக் குடியிருப்பில்தான் விசித்திரமான ஒரு பிரச்னை தலைதூக்கியது. சரிசெய்து அனுப்பிய கைகளில் மறுபடியும் புண்கள் வந்தன. சிலருக்குக் காலையில் எழுந்து பார்த்தால் விரலில் ஒரு பகுதியையே காணோம். 'தொழுநோய் வந்தால் விரல் அழுகி விழுந்துவிடும்' என்று உலகமே நம்பிய காலம் அது. பிராண்ட் நம்பவில்லை. இரவில் காவல் வைத்துப் பார்த்தார்கள். எலி வந்தது. தூங்குபவரின் விரலைக் கடித்தது. அவர் விழிக்கவே இல்லை. வலி தெரிந்தால்தானே விழிப்பதற்கு? அதன்பிறகு வீடு திரும்பும் நோயாளிகள் கூடவே ஒரு பூனையையும் கொண்டுபோக வேண்டும் என்பது அங்கே ஏற்பாடானது.

இன்னொரு சம்பவத்தையும் பிராண்ட் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஒரு சிறுவன் வந்து சாவியைச் சட்டென்று திருகித் திறந்துவிட்டான். 'இவ்வளவு பலமா?' என்று வியந்த பிராண்டின் கண்ணில் ரத்தத் துளிகள் பட்டன. சிறுவனின் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

விஷயம் புரிந்தது. தொழுநோய்க் கிருமி விரலைத் தின்பதில்லை. அது நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது. வலி இல்லாத உடம்பை, மனிதர் தாமே அறியாமல் சேதப்படுத்திக்கொள்கிறார். அப்படியானால், விரல்களையும் கால்களையும் இழக்காமல் தடுக்க முடியும். தொழுநோயைப் பற்றிய உலகின் பார்வையையே மாற்றிய கண்டுபிடிப்பு இது.

கையைக்கூடக் கண்ணால் பார்த்துக் காப்பாற்றிக்கொள்ளலாம். கால்? அது நாள் முழுக்க உடம்பைச் சுமக்கிறது. அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது.

ஒரு காலடிக்குள் நடக்கும் கணக்கு

நமக்குச் செருப்பு கடித்தால் என்ன செய்வோம்? காலைச் சற்றுத் திருப்பி வைப்போம். கொஞ்சம் நொண்டுவோம். தாங்காவிட்டால் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வோம். நல்ல கால் உள்ளவர்கள்கூட நீண்டதூரம் நடக்கும்போது, தங்களை அறியாமலேயே பாதத்தின் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டேதான் நடக்கிறார்கள். வலி போடும் உத்தரவு அது. மரத்துப்போன காலுக்கு அந்த உத்தரவு வருவதில்லை. ஆயிரம் அடி நடந்தாலும் ஒரே இடத்திலேயே பாரம் இறங்கும். அந்த இடம் முதலில் சூடாகும், பிறகு வீங்கும், தோலுக்கு அடியில் சிதையும், கடைசியில் புண்ணாக வெடிக்கும். வலிக்காததால் அந்தப் புண்ணின் மீதே நடையும் தொடரும். கிருமி எலும்புவரை போகும். இறுதியில் காலை எடுக்க வேண்டியிருக்கும்.

கணக்காகப் பார்த்தால் சுலபமாகப் புரியும். 60 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை 120 சதுர சென்டிமீட்டரில் பரவினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ. அதே எடை, விரல்கள் வளைந்து எலும்பு துருத்திய பாதத்தில் 10 சதுர சென்டிமீட்டரில் மட்டும் இறங்கினால்? ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ. பன்னிரண்டு மடங்கு! எடையைக் குறைக்க முடியாது. நடக்காமலும் இருக்க முடியாது. ஆகவே, பாரம் இறங்கும் பரப்பைக் கூட்டியாக வேண்டும். பாதத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப அமுங்கிக்கொடுத்து, முழுப் பாதத்தையும் தாங்கும் ஒரு பொருள் தேவை. பிராண்ட் குழுவின் அடுத்த சில ஆண்டுகள் அந்தப் பொருளைத் தேடுவதில் கழிந்தன.

பிளாஸ்டர், கட்டை, பி.வி.சி... கடைசியில் ரப்பர்

தோல் பதனிடும் பூமியில் இருந்துகொண்டு தோலில் செருப்பு செய்யாமலா இருப்பார்கள்? தோல் செருப்பிலும் சிக்கல் இருந்தது. வயலிலும் மழையிலும் நனைந்து காய்ந்தால் தோல் விறைத்துப்போகும். அடிப்பாகத்தில் அடித்த ஆணி, நாளடைவில் மேலே துருத்தும். வலி தெரிந்தவர் 'ஐயோ' என்று கழற்றிவிடுவார். மரத்த காலுக்கு அந்த ஆணி நாள் முழுக்கக் குத்திக்கொண்டிருந்தாலும் தெரியாது.

அதனால் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த காலணி, மரக்கட்டைக் காலணி, பாதத்தை மெழுகில் அச்சு எடுத்து அதன்மேல் வார்த்த பிளாஸ்டிக் காலணி என்று பட்டியல் நீண்டது. பி.வி.சி. பிளாஸ்டிக்கை எப்படிக் கலப்பது என்று தெரிந்துகொள்ள கல்கத்தா வரை போய்வந்தார் பிராண்ட். ஓர் அறுவை சிகிச்சை நிபுணர், பிளாஸ்டிக் தொழிற்சாலைப் பாடம் படித்தார்! சில பொருள்கள் கல்லாக இருந்தன. சில பொருள்கள் பஞ்சாக அமுங்கி, ஒரே மாதத்தில் அப்பளமாகிவிட்டன. இரண்டுமே உதவாது. அமுங்கவும் வேண்டும், அமுங்கியது திரும்பி எழவும் வேண்டும்.

அப்படித் தேடியபோது கிடைத்ததுதான் மைக்ரோசெல்லுலர் ரப்பர். சுருக்கமாக எம்.சி.ஆர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய காற்றுக் குமிழிகள் நிறைந்த ரப்பர்.

ஷீட் பிறக்கும் விதம்

இட்லிக்கும் எம்.சி.ஆர். ஷீட்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டிலும் மென்மைக்குக் காரணம் உள்ளே சிக்கிய காற்றுதான்.

ரப்பரை இரண்டு கனமான உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப விட்டு மசிக்கிறார்கள். அதோடு கந்தகம், துத்தநாக ஆக்சைடு, களிமண் பொடி போன்றவை சேர்கின்றன. இவற்றோடு முக்கியமான இன்னொன்றும் சேரும். அது சூடு பட்டதும் வாயுவை வெளியிடும் ரசாயனம். நம் சமையலில் ஆப்ப சோடா செய்கிற வேலையை இது செய்கிறது. கலவையை இரும்பு அச்சில் வைத்து, அழுத்தம் கொடுத்து, சுமார் 150 டிகிரி வரை சூடாக்குவார்கள். உள்ளே வாயு உண்டாகும். ஆனால், அச்சு இறுக்கிப் பிடித்திருப்பதால் விரிய முடியாது. அதே நேரத்தில் கந்தகம் ரப்பரைப் பிணைத்து உறுதியாக்கிக்கொண்டிருக்கும். அச்சைத் திறந்த நொடியில், அச்சைவிடப் பெரியதாக உப்பி எழும் ஷீட்!

இந்தக் குமிழிகள் ஒன்றோடொன்று திறந்து கலப்பதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடிய அறை. அதனால் குளியலறை ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரை உறிஞ்சுவதில்லை. மிதிக்கும்போது உள்ளே இருக்கும் காற்று நசுங்கி, கால் எடுத்ததும் மீண்டும் விரிகிறது. கழுவலாம், காயவைக்கலாம்.

மென்மைக்கும் ஓர் அளவு உண்டு. ரப்பரின் கடினத்தன்மையை 'ஷோர்' என்ற அலகில் அளப்பார்கள். கார் டயர் ரப்பர் 60-ஐத் தாண்டும். மரத்துப்போன காலுக்கு ஏற்றது 15 முதல் 20 வரை. நாம் வீட்டில் போடும் ஹவாய் செருப்பும் குமிழி ரப்பர்தான். ஆனால், அது இதைவிடக் கடினமானது. ஹவாய் செருப்பும் எம்.சி.ஆர். செருப்பும் ஒன்றல்ல என்று மருத்துவர்கள் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கரிகிரியிலேயே இந்த ரப்பர் ஷீட்டையும் செருப்பையும் தயாரிக்கும் சிறிய பிரிவு உருவானது. பெரிய தொழிற்சாலைகளுக்கு இந்த மென்மையில் ஷீட் செய்வதில் லாபம் இல்லை. வாங்குபவர்களோ ஏழைகள். ஆகவே, மருத்துவமனையே உற்பத்தியாளராகவும் மாறியது. இன்று நாட்டின் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில், பாதம் மரத்துப்போனவர்களுக்கு எம்.சி.ஆர். காலணி இலவசமாக வழங்கப்படுகிறது.

அடுக்கடுக்காக ஒரு செருப்பு

ஷீட் மட்டும் போதாது. அதை வைத்து எப்படிச் செருப்பு கட்டுவது என்பதில்தான் கைவேலை இருக்கிறது.

பாதம் படும் மேல் அடுக்கு எம்.சி.ஆர். அதன் கீழே தரையில் படும் அடுக்கு, கடினமான ரப்பர். மென்மையான அடுக்கு மட்டும் இருந்தால் வேலிமுள்ளும் கண்ணாடிச் சில்லும் சுலபமாகத் துளைத்துவிடும். சேதம் அதிகமான பாதங்களுக்கு, அடிப்பாகத்தைப் படகின் அடிபோல வளைத்துச் செய்வார்கள். பாதத்தை மடக்காமலே உருண்டு நடக்கலாம். ஆணி கூடவே கூடாது. ஒட்டுவதும் தைப்பதும் மட்டும்தான்.

குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் கட்டாயம். ஹவாய் செருப்பை நாம் கட்டைவிரலால் கவ்விப் பிடித்து நடக்கிறோம். உணர்வில்லாத காலால் அப்படிக் கவ்வ முடியாது. செருப்பு கழன்று தெருவில் கிடக்க, அது தெரியாமல் வெறுங்காலோடு நடந்து போவார்கள். அதனால் பின்வார். விரல் இடுக்கில் வார் வராமல், பாதத்தின் மேல் அகலமான பட்டை. அதை இறுக்கவும் தளர்த்தவும் ஏற்ற ஒட்டுப்பட்டை.

எல்லாம் சரியாக அமைந்தும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. அது ஊரின் கண். 'இந்தச் செருப்பு போட்டிருக்கிறாரா? அப்போ அந்த நோய்க்காரர்' என்று ஊரார் அடையாளம் கண்டுவிடுவார்கள் என்ற பயம். எத்தனையோ பேர் மருத்துவமனையில் செருப்பை வாங்கிக்கொண்டு, ஊர் எல்லையில் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்குள் வெறுங்கால், பையில் செருப்பு. காலைக் காப்பாற்றும் பொருளே அவமானச் சின்னமானால் அது எப்படி வேலை செய்யும்? பார்ப்பதற்குச் சாதாரணச் செருப்பைப்போலவே இருக்க வேண்டும் என்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதியானது அதனால்தான். அழகு என்பது இங்கே ஆடம்பரம் இல்லை, மருத்துவம்.

பிராண்டின் பணிக்கு 1960-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. 1966-ல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்ற பாடத்தை அங்கே சர்க்கரை நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார். தொழுநோயாளியின் காலில் நடந்ததேதான் சர்க்கரை நோயாளியின் காலிலும் நடந்தது. நரம்பு மரத்துப்போகிறது, வலி போகிறது, பின்னாலேயே புண் வருகிறது. நோய் வேறு, கால் ஒன்றே. 2003-ல் தன் 88-வது வயதில் பிராண்ட் மறைந்தார்.

இங்கே கரிகிரியில் டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்ச்சி போன்றவர்கள் பணியைத் தொடர்ந்தார்கள். பொட்டலாகக் கிடந்த மருத்துவமனை வளாகத்தில் மரங்களை வளர்த்துச் சோலையாக்கியவர் என்றும் ஃபிரிட்ச்சியைச் சொல்வார்கள். காலணித் தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சி தரும் இடமாகவும் கரிகிரி வளர்ந்தது.

வாடிக்கையாளர் குறைவதே வெற்றி

எந்தக் கம்பெனியாவது தன் வாடிக்கையாளர்கள் குறைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுமா? இந்தச் செருப்பைச் செய்பவர்கள் வேண்டிக்கொள்ளலாம்.

1981-ல் உலக சுகாதார நிறுவனம் தொழுநோய்க்குக் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும். நோயாளிகளின் எண்ணிக்கை மளமளவெனக் குறைந்தது. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா எட்டியது. அதோடு தொழுநோய் போய்விட்டது என்று பலரும் நினைத்துக்கொண்டோம். ஆனால், இன்றும் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்படுகிறது. உலகிலேயே அதிகம் இங்கேதான். மாத்திரை கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே செத்துப்போன நரம்பைத் திருப்பித் தராது. எனவே, குணமானவர்களுக்கும் ஆயுள் முழுக்க அந்தச் செருப்பு தேவை.

இன்னொரு பக்கம், சர்க்கரை நோய். ஐ.சி.எம்.ஆர். நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்கள் சர்க்கரை நோயுடன் வாழ்கிறார்கள் என்றது அந்த ஆய்வு. தமிழ்நாட்டில் 14.4 சதவிகிதம். ஏழு பேரில் ஒருவர்! தமிழ்நாடு அரசும் சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பரிசோதிக்க 'பாதம் பாதுகாப்போம்' என்று ஒரு திட்டம் நடத்துகிறது. கரிகிரி மருத்துவமனையும் இப்போது சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் கவனிக்கிறது. ஒருகாலத்தில் ஊர் ஒதுக்கியவர்களுக்காகச் செய்யப்பட்ட செருப்பு, இன்று எல்லோர் வீட்டு வாசலிலும் இருக்க வேண்டிய பொருளாகிவிட்டது.

ஆனால், இருக்கிறதா? அங்கேதான் சிக்கல். அதற்குக் காரணம் நம் பழக்கம்.

நாம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிற மக்கள். வீட்டுக்குள் வெறுங்கால்தான். கோயிலுக்குப் போனால் சித்திரை வெயிலில் கொதிக்கும் கருங்கல் பிராகாரம். வேலூரிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் திருவண்ணாமலை. பௌர்ணமி கிரிவலம் 14 கிலோமீட்டர். அதையும் வெறுங்காலோடு போவதே பக்தி என்று நினைக்கிறோம். உணர்வுள்ள காலுக்குக் கொப்புளத்தோடு போகும். மரத்த காலுக்கு அந்தக் கொப்புளமே ஆபரேஷன் தியேட்டர் வரை கொண்டுபோய்விடும்.

"எனக்குத்தான் வலியே இல்லையே, எதுக்கு தனிச் செருப்பு?" என்று அப்பாவோ பாட்டியோ கேட்டால், அதுதான் பயப்பட வேண்டிய பதில். வலி இல்லை என்பது நல்ல செய்தி இல்லை.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறாரா? கவனியுங்கள்!

* வருடத்துக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் பாத உணர்வுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிடங்களில் முடியும். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிகிறதா என்று சொன்னால் போதும்.

* எம்.சி.ஆர். செருப்பு வாங்கும்போது மேல் அடுக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். கிட்டத்தட்டப் பாதியாக அமுங்கி, விட்டதும் பழையபடி எழ வேண்டும். அமுங்காவிட்டால் கடினம். அமுங்கியது எழாவிட்டால் வெறும் ஸ்பாஞ்ச். 'டயபெடிக்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

* பின்வார் இருக்கிறதா, ஆணி இல்லையா, உள்ளே தையல் மேடு தட்டுகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

* மாலையில் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் பொருந்தும் செருப்பு மாலையில் இறுக்கும். புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றியதும் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

* இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒன்று வெளியே போக, இன்னொன்று வீட்டுக்குள் போட. பெரும்பாலானவர்கள் மறக்கும் விஷயம் இது.

* போடும் முன் செருப்பையோ ஷூவையோ தலைகீழாகத் தட்டுங்கள். சின்னக் கல்லோ, குழந்தையின் விளையாட்டுச் சாமானோ உள்ளே கிடந்தாலும் காலுக்குத் தெரியாது.

* இரவு படுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். வீட்டில் இன்னொருவர் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. சிவப்பு, சூடு, வீக்கம், கொப்புளம் எது தெரிந்தாலும் மறுநாளே மருத்துவரிடம் போங்கள்.

* கால் ஆணியை பிளேடால் சீவ வேண்டாம். வெந்நீரில் காலை வைத்துச் சூடு பார்க்க வேண்டாம். கையால் பார்த்துவிட்டுத்தான் கால்.

* ஷீட் தட்டையாகிவிட்டால் செருப்பின் வேலை முடிந்தது. வார் அறுந்தால்தான் மாற்றுவது என்று காத்திருக்க வேண்டாம்.

ஆம்பூர் வட்டாரத்து ஷூக்கள் ஏற்றுமதிக்குப் போகும் முன் பல பரிசோதனைகளைத் தாண்டுகின்றன. ஒரு தையல் பிசகினாலும் திரும்பி வந்துவிடும். நம் வீட்டுப் பெரியவர்களின் கால் செருப்பை அப்படி ஒரு முறையாவது யாராவது பரிசோதித்திருப்போமா? இந்த வாரம் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாருடைய செருப்பையாவது கையில் எடுத்து, கட்டைவிரலால் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் மாற்றிக்கொடுங்கள். அப்படியே அவர்களின் பாதத்தையும் ஒரு முறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

(அடுத்த வாரம் இன்னொரு தயாரிப்போடு சந்திப்போம்.)